540 யூனிட் வீட்டில் எந்த விளக்கை முதலில் மாற்றுவது?

நீங்கள் எழுதியதை ஒருமுறை திருப்பிச் சொல்லிவிடுகிறேன், நான் புரிந்துகொண்டது சரியா என்று பாருங்கள். கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் தோட்டத்து வீடு. முன்பக்கம் தார்சு (கான்கிரீட் கூரை), பின்பக்கம் பழைய ஓட்டு வீடு, ஒட்டி ஒரு கட்டுத்தறி, அதாவது மாட்டுக் கொட்டகை. ஹால், சமையலறை, இரண்டு படுக்கையறை என்று நாலு பழைய டியூப்லைட். வாசல், கட்டுத்தறி, குளியலறை, சாமான் அறை, மாடிப்படி என்று ஐந்து குண்டு பல்பு. சாமி அறையில் ஒரு ஜீரோ வாட். இவை போக இரண்டு சி.எஃப்.எல். போன பில் 540 யூனிட். எலக்ட்ரீஷியன் தம்பி, "எல்லாத்தையும் ஒரே மூச்சுல எல்.இ.டி. பண்ணீருங்க, பில்லு பாதியாயிரும்" என்கிறார். நீங்கள் ஏற்கெனவே வாங்கிப் போட்ட இரண்டு எல்.இ.டி. நாலே மாசத்தில் போய்விட்டன. ஆக, எல்.இ.டி. நல்லதா கெட்டதா என்பது உங்கள் கேள்வி இல்லை. சொல்கிற அளவுக்கு மிச்சம் ஆகுமா, மறுபடியும் காசு கரியாகுமா, இந்த இரண்டும்தான்.

நான் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்துவிட்டு 26 வருஷமாகப் பெருந்துறை, சென்னிமலை, காங்கேயம் பக்கம் வயரிங் வேலை செய்கிறவன். வீடு, விசைத்தறிக் கூடம், கோழிப்பண்ணை எல்லாம் பார்த்திருக்கிறேன். பல்புக்குள் இருக்கிற சர்க்யூட்டை வடிவமைக்கத் தெரிந்தவன் அல்ல. செத்த பல்புகளைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான் என் எலக்ட்ரானிக்ஸ். அதையும் மனசில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் மிச்சக் கணக்கு. வாட்டை எரியும் மணியால் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் யூனிட். நமக்கு ரீடிங் இரண்டு மாசத்துக்கு ஒருமுறை என்பதால் 60 நாள் போட்டுக்கொள்வோம். உங்கள் கட்டுத்தறியில் 100 வாட் குண்டு பல்பு பொழுதோடு போட்டு விடியக்காலம் பால் கறந்து முடித்து அணைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ராத்திரிக்கு 11 மணி நேரம் என்றால் இரண்டு மாசத்துக்கு 66 யூனிட். அந்த ஒரு பல்பு மட்டும்! அங்கே 9 வாட் எல்.இ.டி. போட்டால் 6 யூனிட். 100 வாட் பல்பின் வெளிச்சம் அப்படியே வேண்டுமென்றால் 12 முதல் 14 வாட் வரை போக வேண்டும். ஆனால் மாடு படுத்து அசைபோட அவ்வளவு வெளிச்சம் எதற்கு? கறக்கிற இடத்துக்குத் தனியாக ஒரு சுவிட்ச் வைத்து இன்னொன்று போட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது பலரும் கண்டுகொள்ளாத ஆள், சாமி அறை ஜீரோ வாட். பேரில்தான் ஜீரோ. சின்ன இழை வைத்த அந்தச் சிவப்பு பல்பு 12 முதல் 15 வாட் வரை இழுக்கும். தட்டு சுற்றுகிற பழைய மீட்டர் காலத்தில் இத்தனை சின்னச் சுமைக்குத் தட்டு அசைந்தும் அசையாமலும் இருக்கும், அதனால்தான் இந்தப் பெயர் வந்தது என்று எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் சொல்வார். இப்போதைய எலக்ட்ரானிக் மீட்டரிடம் அந்தப் பாச்சா பலிக்காது. 15 வாட் இருபத்திநாலு மணி நேரமும் எரிந்தால் இரண்டு மாசத்தில் 21.6 யூனிட். அதே இடத்தில் அரை வாட் எல்.இ.டி. நைட் லேம்ப் ஒரு யூனிட்டைக்கூடத் தொடாது. ஹாலில் தினம் ஐந்து மணி நேரம் எரிகிற டியூப்லைட்டைவிட உங்கள் சாமி விளக்குத்தான் அதிகம் தின்கிறது.

ஆக இந்த இரண்டு விளக்கில் மட்டும் 81 யூனிட் போச்சு. 540 என்பது 459 ஆகிறது. இங்கேதான் நம் தமிழ்நாட்டு பில்லின் சூட்சுமம் இருக்கிறது. வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500-க்குள் நின்றால் 101 முதல் 200 வரை சலுகை விலை. 500-ஐ ஒரு யூனிட் தாண்டினாலும் அந்த நூறு யூனிட்டுக்குச் சலுகை போய் விலை ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். அந்த ஒரு யூனிட்டுக்கு 200 ரூபாய்க்கு மேல் தண்டம். அதற்கு மேல் வருகிற ஒவ்வொரு யூனிட்டும் எட்டு ரூபாய்க்கு மேல். விகிதத்தை அவ்வப்போது மாற்றுகிறார்கள், அதனால் பைசா சுத்தமாகச் சொல்லமாட்டேன். தோராயமாக, அந்த இரண்டு பல்பை மாற்றினாலே உங்கள் பில்லில் 800 ரூபாய்க்குக் கிட்டக் குறையும். செலவு 200 ரூபாய்க்கு மேல் போகாது.

மற்றவற்றையும் போட்டுப் பார்த்துவிடலாம். வாசலில் 60 வாட் நாலு மணி நேரம் என்றால் 14 யூனிட், 9 வாட்டில் இரண்டு. பழைய 40 வாட் டியூப்லைட் 40-ஐ மட்டும் எடுப்பதில்லை. அந்தக் கனமான செம்புக் கம்பி சோக் தன் பங்குக்கு ஒரு 12 வாட்டைச் சூடாக்கித் தீர்க்கும், மொத்தம் 52. அதற்குப் பதில் 20 வாட் எல்.இ.டி. பட்டி (டியூப் மாதிரி நீள விளக்கு) போட்டால் ஹாலில் 10, சமையலறையில் 7, படுக்கையறை இரண்டிலும் சேர்த்து 7 என்று மிச்சமாகும். எல்லாம் கூட்டினால் 117 யூனிட் வருகிறது. யூனிட்டில் பார்த்தால் ஐந்தில் ஒரு பங்குதான். ஆனால் 500-க்குக் கீழே இறங்குவதால் ரூபாயில் பாதிக்குக் கொஞ்சம் மேலே கட்டினால் போதும். எலக்ட்ரீஷியன் தம்பி சொன்னது பாதி உண்மை. அதே வார்த்தையை, 300 யூனிட் ஓட்டுகிற, குண்டு பல்பே இல்லாத வீட்டுக்காரரிடம் சொன்னால் அது பொய். உங்களுக்கும் சித்திரை வைகாசியில் ஃபேன் ராப்பகலாக ஓடி 600 தாண்டினால் இந்தக் கணக்கு மாறும்.

குளியலறை, சாமான் அறை, மாடிப்படி மூன்றையும் தொட வேண்டாம். ஒரு நாளைக்குக் கால் மணி நேரம் எரிகிற 60 வாட் பல்பு இரண்டு மாசத்துக்கு ஒரு யூனிட்கூட ஆகாது. அது தானாகப் போகிறபோது மாற்றுங்கள். சி.எஃப்.எல். இரண்டும் அப்படியே. அவற்றிலும் டியூப்லைட்டிலும் பாதரசம் கொஞ்சம் உண்டு. உடைந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு அட்டையால் வழித்தெடுங்கள், சீமாறு போட்டுக் கூட்டாதீர்கள். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

இனி, அந்த இரண்டும் ஏன் நாலு மாசத்தில் செத்தன. இதை நான் சொந்தமாகச் சூடுபட்டுத்தான் கற்றேன். தாராபுரம் பக்கம் மச்சான் வீட்டுப் புதுமனைக்கு நானே வயரிங். ஒறம்பரை வரும்போது பளிச்சென்று இருக்கட்டும் என்று எல்லா இடத்திலும் கண்ணாடிக் கிண்ணம் மூடின லைட், உள்ளே 12 வாட் எல்.இ.டி. ஒரு டஜன் போட்டேன். தை மாசம் பால் காய்ச்சினார்கள். தீபாவளிக்குள் ஏழு போய்விட்டது. மச்சான் ஒன்றும் சொல்லவில்லை, அக்காதான் போகிற வருகிற இடமெல்லாம் சொன்னாள். ஏழையும் வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்தேன். மேலே உள்ள வெள்ளை பிளாஸ்டிக் கூட்டைக் கத்தியால் நெம்பினால் டப்பென்று கழன்றுவரும். உள்ளே வட்டமான அலுமினியத் தகடு, அதில் மிளகு அளவுக்கு மஞ்சள் பொட்டுகள். அந்தப் பொட்டுக்குள் எரிவது உண்மையில் நீல வெளிச்சம்தான். மேலே உள்ள மஞ்சள் பூச்சு அதை வெள்ளையாக்குகிறது. அந்த நீல எல்.இ.டி.யைக் கண்டுபிடித்ததற்கு 2014-இல் ஜப்பானில் பிறந்த மூன்று பேருக்கு நோபல் கொடுத்தார்கள். என் கையில் இருந்த தகட்டில் ஒரே ஒரு பொட்டின் நடுவில் மட்டும் ஊசி முனையளவு கறுப்புப் புள்ளி. மற்றவையெல்லாம் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் எல்லாம் ஒரே சரமாகக் கோத்தது. ஒரு மணி அறுந்தால் மாலையே போச்சு. இன்னும் இரண்டில் பொட்டெல்லாம் சரி, கீழே டிரைவரில், அதாவது வீட்டுக் கரண்டைப் பொட்டுகளுக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கிற சர்க்யூட்டில், இருந்த கெப்பாசிட்டரின் மண்டை உப்பியிருந்தது.

இரண்டுக்கும் காரணம் சூடு. எல்.இ.டி. சூடாகாது என்பது பாதிக் கதை. குண்டு பல்பு தன் சூட்டை வெளியே கொட்டிவிடும், எல்.இ.டி. தன் முதுகிலேயே வைத்துக்கொள்ளும். கெப்பாசிட்டருக்குப் பத்து டிகிரி சூடு ஏறினால் ஆயுள் பாதி என்பது எலக்ட்ரானிக்ஸ்காரர்கள் எல்லோரும் சொல்லும் நடைமுறைக் கணக்கு. காற்றுப் போகாத கண்ணாடிக் கிண்ணத்துக்குள் அதற்கு என்ன கதி? நீங்கள் போட்டது திறந்த ஹோல்டரா, மூடின லைட்டா என்று எழுதவில்லை. மூடினது என்றால் அதுவே போதுமான காரணம்.

திறந்த ஹோல்டர் என்றால் சந்தேகம் வோல்டேஜ் மேல். தோட்டத்து லைனில் சாயங்காலம் நாலு மோட்டார் ஒன்றாக ஓடினால் வீட்டில் 180, 170 என்று இறங்கிவிடும். உங்கள் டியூப்லைட் அந்த நேரத்தில் கண் சிமிட்டிச் சிமிட்டி எரிய மறுக்கும், பார்த்திருப்பீர்கள். இறங்குவது எல்.இ.டி.யை அவ்வளவாகக் கொல்லாது. மோட்டார் நிற்கிறபோது வரும் எகிறல்தான் கொல்லும். அதைவிடப் பெரிய எமன் நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகிற கம்பி. கம்பத்திலோ மீட்டர் பெட்டியிலோ நியூட்ரல் கம்பி துருப்பிடித்துக் கழன்றால், மூன்று பேஸில் சுமை குறைந்த பேஸுக்கு 300-க்கு மேலும் ஏறும். சென்னிமலைப் பக்கம் ஒரு தெருவில் ஒரே ராத்திரியில் ஏழு வீட்டு பல்பும் இரண்டு டி.வி.யும் போனதற்கு அதுதான் காரணம். ஒரு அறிகுறி சொல்கிறேன்: கிரைண்டர் போட்டவுடன் ஒரு அறையில் விளக்கு மங்கி இன்னொரு அறையில் பிரகாசமானால் அது நியூட்ரல் கோளாறு. அப்படி இருந்தால் பல்பு வாங்கக் கடைக்குப் போகாதீர்கள், மெயினை அணைத்துவிட்டு லைன்மேனைக் கூப்பிடுங்கள்.

மூன்றாவது, அவ்வளவாகப் பேசப்படாதது, ஹோல்டர். வருஷக்கணக்கில் 100 வாட் சூட்டில் வெந்த ஹோல்டரின் உள்ளே ஸ்பிரிங் இளகி, பின் கறுத்துப் போயிருக்கும். அதில் எல்.இ.டி.யை மாட்டினால் உள்ளே பொறி பறந்துகொண்டே இருக்கும், வெளியே தெரியாது. கட்டுத்தறியில் பல்பை மாற்றும்போது ஹோல்டரையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். சிலந்திக்கூட்டையும் துடைத்துவிடுங்கள்.

பல்பு வாங்கும்போது என்ன பார்ப்பது? 2015-இல் மத்திய அரசு உஜாலா திட்டம் தொடங்கி மொத்தமாகக் கொள்முதல் செய்யப்போய், ஒரு காலத்தில் 310 ரூபாயாக இருந்த எல்.இ.டி. பல்பின் கொள்முதல் விலை சில வருஷத்தில் 40-க்குக் கீழே வந்தது. நல்ல காரியம். கூடவே விலைப் போட்டியில் டிரைவரைச் சுருக்கி, மின்னெகிறல் காப்பையே எடுத்துவிட்ட சரக்கும் சந்தைக்கு வந்தது. ஆகவே விலையை மட்டும் பார்க்காதீர்கள். பெட்டியில் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண் இருக்கிறதா பாருங்கள். அதன் பக்கத்தில் 16102 என்ற தர எண் இருக்கும். அடுத்து நட்சத்திர முத்திரை, அப்புறம் லூமென். வாட் என்பது அது தின்கிற தீனி, லூமென் என்பது கறக்கிற பால். 9 வாட்டுக்கு 900 லூமென் இருந்தால் நல்ல கறவை. 100 முதல் 300 வோல்ட் வரை தாங்கும் என்று போட்டது நம் தோட்டத்து லைனுக்குத் தோதானது. பில் கேட்டு வாங்குங்கள், மாட்டுவதற்கு முன் பல்பின் கழுத்தில் மார்க்கர் பேனாவால் தேதி எழுதுங்கள். வாரண்டிக்குள் போனால் கடைக்காரரிடம் வாக்குவாதமே வராது. நான் பத்து வருஷமாக அப்படித்தான் செய்கிறேன்.

பெட்டியில் போட்டிருப்பதை எல்லாம் வேதவாக்காக எடுக்க வேண்டாம். 25,000 மணி நேரம் என்பது பல்பு பியூஸ் ஆகிற நேரம் அல்ல, பொதுவாக வெளிச்சம் எழுபது சதவீதத்துக்கு மங்குகிற நேரம். அதுவும் பொட்டுகளுக்குத்தான், டிரைவருக்கு அல்ல. உங்கள் கட்டுத்தறிக் கணக்கில் அது ஆறு வருஷம். என் அனுபவத்தில் அப்படிப்பட்ட இடத்தில் மூன்று வருஷம் தாண்டினாலே அது நல்ல பல்பு. லூமென் கணக்கு சரியா என்று வீட்டில் சோதிக்க வழி இல்லை. செல்போன் கேமராவில் கோடு கோடாக ஓடினால் மட்டமான பல்பு என்று சொல்வதில் ஓரளவு உண்மை உண்டு. அந்தக் கோடு டிரைவர் வெளிச்சத்தைச் சீராக விடவில்லை என்பதைக் காட்டும். ஆனால் போனுக்குப் போன் மாறித் தெரியும், அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. எல்.இ.டி. கண்ணைக் கெடுக்கும் என்ற பேச்சுக்கு, வீட்டில் எரிகிற சாதாரண பல்பைப் பொறுத்தவரை, உறுதியான ஆதாரம் இல்லை. ராத்திரி நேரத்தில் நீலம் தூக்கலான வெளிச்சம் தூக்கத்தைத் தள்ளிப்போடும் என்பது வேறு விஷயம், அது நிரூபிக்கப்பட்டது. ஒரு 9 வாட் பல்பு எவ்வளவு தள்ளும் என்பது ஆளையும் நேரத்தையும் பொறுத்தது. அதனால் படுக்கையறைக்கு மஞ்சள் சாயல், பெட்டியில் 2700 அல்லது 3000 கே (கெல்வின், வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் எண்) என்று இருப்பது. கட்டுத்தறிக்கும் வாசலுக்கும் அதையே சொல்வேன். மழை பெய்த மறுநாள் ஈசல் 6500 வெள்ளையைத்தான் மொய்க்கும், மஞ்சளுக்குக் குறைவாக வரும். சமையலறைக்கு வெள்ளை இருக்கட்டும். திருப்பூரில் துணி செக்கிங் செய்கிற இடத்தில் கேட்டால் சொல்வார்கள், ஒரே துணி இரண்டு விளக்கில் இரண்டு நிறம். கடையில் அரக்கு என்று எடுத்த சேலை வீட்டில் காப்பிக்கொட்டை நிறமாகத் தெரிந்தால் அது கடைக்காரர் குற்றம் அல்ல.

டியூப்லைட்டுக்கு வருகிறேன். பழைய பட்டியிலேயே எல்.இ.டி. டியூபை மட்டும் மாட்டலாம் என்பார்கள். சிலது சோக்கைக் கழற்றச் சொல்லும், சிலது சோக்கோடு ஓடும், சிலதில் ஒரு முனையில் மட்டும் கரண்ட். தப்பாகக் கொடுத்தால் மாட்டும்போது மறு முனையைத் தொடுகிறவருக்கு ஷாக். அந்த வம்பே வேண்டாம். பட்டியோடு சேர்ந்த 20 வாட் முழு செட்டாக வாங்கி, பழையதைக் கழற்றிவிடுங்கள். மாட்டும்போது சுவிட்சை மட்டும் நம்பாமல் மெயினை அணையுங்கள். பழைய ஓட்டு வீட்டு வயரிங்கில் சுவிட்சை நியூட்ரலில் போட்டிருப்பதை நான் எத்தனையோ இடத்தில் பார்த்திருக்கிறேன்.

அந்த வீட்டில் எல்.இ.டி. மாட்டினபின் சுவிட்சை அணைத்தாலும் மின்மினிபோல் மங்கலாக எரிந்தால் பேய் அல்ல. சுவிட்சில் உள்ள சிவப்பு இண்டிகேட்டர் வழியாகக் கசிகிற துளிக் கரண்டாக இருக்கும். அல்லது சுவிட்ச் நியூட்ரலில் இருக்கிறது என்று அர்த்தம். முதலாவதால் ஆபத்தில்லை, இண்டிகேட்டர் இல்லாத சுவிட்ச் போட்டால் நின்றுவிடும். இரண்டாவதை உடனே திருத்த வேண்டும், ஏனென்றால் அணைத்த பிறகும் ஹோல்டரில் கரண்ட் இருக்கிறது.

விளக்கெல்லாம் முடிந்தபின் கையில் காசு மிஞ்சினால் ஃபேனைப் பாருங்கள். நாலு பழைய ஃபேன், 75 வாட், பத்து மணி நேரம் என்றால் 180 யூனிட். குறைந்த கரண்டில் ஓடுகிற புது வகை மோட்டார் வைத்த பி.எல்.டி.சி. ஃபேன் அதில் பாதிக்கும் கீழே. ஆனால் விலை ஆயிரங்களில், அது அடுத்த வருஷப் பேச்சு.

நான் சொன்ன கணக்கை நம்ப வேண்டாம், இன்றைக்கு ராத்திரியே சோதித்துப் பாருங்கள். ஃபிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அந்தக் கட்டுத்தறி பல்பை மட்டும் போடுங்கள். மீட்டர் முகத்தில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு சிமிட்டும், பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டு என்ற எண் இருக்கும். 3200 என்று இருந்தால் 100 வாட் பல்புக்கு நிமிஷத்துக்கு ஐந்து முறைக்கு மேல் சிமிட்ட வேண்டும். 9 வாட் போட்டபின் இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை. எல்லாவற்றையும் அணைத்த பிறகும் சிமிட்டிக்கொண்டிருந்தால் எங்கேயோ கசிவு இருக்கிறது. அப்போது அந்த எண்ணிக்கையோடு திரும்ப எழுதுங்கள்.